எடுத்துடலாமா, விட்டுவைக்கலாமா?

எளாவூரில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிறுத்தம். அதற்கப்புறம் ஆரம்பாக்கம், அதையும் தாண்டினால் ஆந்திராவின் தடா. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோதனைச்சாவடிப் பக்கம் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி. விடிவதற்குள் இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். கழனியையும் ஏரி மீனையும் நம்பியிருந்த வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை, கார் உதிரிபாகம், செல்போன், அட்டைப்பெட்டி என்று ஆளுக்கு ஒரு வேலை. சம்பளம் வேறுபடலாம். சம்பளச் சீட்டில் 'பி.எஃப்.' என்று ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் பொது.

2025 ஜூலை கடைசிச் சனிக்கிழமை. கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரம் ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலி. வாசல் போர்டில் பான் கார்டு, ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று வரிசையாக எழுதி, கடைசியில் சிவப்பு எழுத்தில் 'பி.எஃப். எடுத்துத் தரப்படும்' என்று இருந்தது. எடுப்பதைப் பற்றித்தான் போர்டில் எழுதியிருந்தது. சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி நாற்காலியில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். முன்னால் நல்ல கூட்டம். கடையை நடத்தும் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டே இருந்தன.

அவன் எதிரில் இருந்தவருக்கு நாற்பதைத் தொடும் வயது. ரோலிங் மில்லில் வேலை செய்தவர் என்பதை முன்கைகளே சொல்லின. முழங்கைக்குக் கீழே தீப்பொறி பட்டு ஆறிய சிறுசிறு வெள்ளைத் தழும்புகள். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பி.எஃப். கணக்கின் யுஏஎன் நம்பரையும் பாஸ்வேர்டையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"வேலைய விட்டு மூணு மாசம் ஆச்சு தம்பி. கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுன்னுட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

பையன் கணக்கைத் திறந்தான். ஒரே யுஏஎன்னுக்குக் கீழே மூன்று கணக்கு. முதல் கம்பெனியில் 3 வருஷம் 11 மாதம், இரண்டாவதில் 3 வருஷம் 4 மாதம், கடைசியில் 2 வருஷம் 6 மாதம். மூன்றிலும் சேர்த்து 2 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். 2020இல் கொரோனா முன்பணம் எடுத்தது போக மிச்சம் இவ்வளவு. அந்த எண்ணை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் இவ்வளவு பெரிய தொகை தன் பெயரில் இருப்பதை அப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது.

"எதுக்குண்ணா பணம்?"

"பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு. காலேஜ்ல சேக்கணும். அறுபது கேக்குறாங்க."

"அறுபதுக்கு எதுக்கு மொத்தத்தையும் எடுக்கறீங்க?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எடுத்தால் மொத்தமாக எடுப்பது என்பதுதான் மில்லில் எல்லோரும் செய்வது. கான்ட்ராக்ட் முடிந்ததும், அன்றைய விதிப்படி இரண்டு மாதம் காத்திருந்து, பி.எஃப்.க்கு 19, பென்ஷனுக்கு 10சி என்று இரண்டு படிவத்தையும் போட்டு, கணக்கை மூடிவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போவார்கள். பத்து வருஷத்தில் மூன்று முறை மூடினால் மூன்று முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பையன் ஒரு பேப்பர் எடுத்து எழுதிக் காட்டினான். மூன்று இடத்து சர்வீஸையும் கூட்டினால் 9 வருஷம் 9 மாதம். பென்ஷன் திட்டத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள மிச்சத்தை ஒரு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, 10 வருஷக் கணக்கு வந்துவிடுகிறது. 10 வருஷம் ஆனவருக்கு 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் உண்டு. பென்ஷனுக்குரிய சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு 10 வருஷம் என்றால் ஏறக்குறைய 2,143 ரூபாய். இனி வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷமும் அதில் ஏறும். மூன்று கணக்கையும் சேர்க்காமல் தனித்தனியாக முடித்துவிட்டால் எந்தக் கம்பெனியிலும் 10 வருஷம் இல்லை, பென்ஷனும் இல்லை.

"மிச்சத்த உள்ளயே விட்டா?"

"இப்ப வட்டி எட்டேகால் பர்சென்ட். வேலையில இல்லன்னாலும் 58 வயசு வரைக்கும் வட்டி ஏறும்ணா."

பையன் கால்குலேட்டரைத் தட்டினான். 8.25 விழுக்காட்டில் ஒன்பது வருஷத்துக்குள் பணம் இரட்டிப்பாகும். 2 லட்சத்து 20 ஆயிரத்தை இருபது வருஷம் தொடாமல் விட்டால், இதே வட்டி நீடிக்கும் பட்சத்தில், 10 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும். அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "எல்லாம் வேணாம்மா, காலேஜுக்கு மட்டும் எடுத்துக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னார். ஓடிபி மனைவியின் போனுக்கு வந்தது. அந்தப் பக்கமிருந்து ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாங்கி உரக்கச் சொன்னார். முன்பணத்துக்கான படிவம் 31இல் 60,000 என்று ஏறியது. அடுத்த வேலையில் சேர்ந்ததும் பழைய கணக்குகளைப் புதியதோடு மாற்றிச் சேர்க்க வேண்டும் என்பதையும் அதே காலண்டர் தாளில் பையன் எழுதிக் கொடுத்தான். அவர் அதை நான்காக மடித்து, சட்டைப் பையில் ஆதார் அட்டையோடு வைத்துக்கொண்டார்.

பி.எஃப். எனப்படும் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிக்கான சட்டம் வந்தது 1952இல். குடும்ப ஓய்வூதியத்துக்கு மாற்றாக இன்றைய பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 12 விழுக்காடு, முதலாளி தன் பங்காக 12 விழுக்காடு. முதலாளி பங்கில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது, 3.67 பி.எஃப். கணக்கில் சேர்கிறது. பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாய் ஆனது, 2025இலும் அங்கேயே நின்றது. எத்தனையோ பேருடைய முதுமை இந்த நாலைந்து எண்களில் அடங்கியிருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் கையெழுத்து வாங்குபவர் இந்த எண்களைச் சொல்வதில்லை.

அடுத்து ஒரு பெண். வயது முப்பதுக்குள். ஸ்ரீசிட்டிக்குப் போகும் பஸ்ஸில் வேலைக்குச் செல்பவர். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் நீலக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். கண்ணில் தூக்கம்.

"வட்டி போட்டுட்டாங்களாமே, பாரு தம்பி."

2024–25ஆம் ஆண்டுக்கான வட்டி அந்த மாதம்தான் கணக்குகளில் ஏறியிருந்தது. அதைக் கேட்டு வந்தவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். பையன் பாஸ்புக்கைத் திறந்தான். வட்டி ஏறியிருந்தது. அதை விட்டுவிட்டு அவன் விரல் வேறொரு இடத்தில் நின்றது.

"அக்கா, மார்ச்லேர்ந்து பணமே வரலயே."

"இல்லியே. மாசாமாசம் பிடிக்கிறாங்களே."

கைப்பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்தார். மார்ச், ஏப்ரல், மே, ஜூன். நான்கிலும் பி.எஃப். பிடித்தம் இருந்தது. பாஸ்புக்கில் அந்த நான்கு மாதங்களே இல்லை. அவரை வேலைக்கு வைத்திருப்பது பெரிய கம்பெனி இல்லை, அதற்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். கம்பெனி வாசலில் பெரிய பெயர்ப்பலகை இருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆபீஸ் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

சம்பளத்தில் பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் வட்டியும் அபராதமும் உண்டு. கட்டாமலே விட்டால் விசாரித்து வசூலிக்கும் அதிகாரம் வைப்புநிதி அமைப்புக்கு இருக்கிறது. கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் அந்தப் பொறுப்பு அவரை வைத்து வேலை வாங்கிய கம்பெனிக்கும் உண்டு. தொழிலாளி கையிலிருந்து பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது குற்ற வழக்கு வரைக்கும் போகக்கூடியது. இத்தனை இருந்தும், பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால்தான் பணம் வரவில்லை என்பதே தெரியும். அந்தப் பெண் நான்கு மாதமாகப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் இல்லை.

"கேட்டா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களா தம்பி?"

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பேசவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்ன பையன் இதற்கு மட்டும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, புகாரை ஆன்லைனில் போடலாம் என்றான். மாதாமாதம் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்று முகாம் நடக்கிறது, அங்கே நேரில் கொடுக்கலாம் என்றான். தனியாகப் போகாமல் அதே கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னான். அவர் நான்கு சம்பளச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வாங்கிக்கொண்டார். எழுந்து போகும்போது வட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

பக்கத்து நாற்காலிகளில் மூன்று இளைஞர்கள். கார் உதிரிபாகக் கம்பெனி சீருடை. சான்றிதழ் ஸ்கேன் பண்ண வந்தவர்கள், காத்திருந்த நேரம் முழுக்கப் பேச்சு பங்குச் சந்தையைப் பற்றியே. ஒருவன் போனில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்கின.

"ஆப்ஷன்ல ரெண்டாயிரம் போட்டு ஒரே நாள்ல ஏழாயிரம் எடுத்தான் மச்சான், நம்ம லைன்ல இருக்கான்ல அவன்."

"அப்புறம்?"

"அப்புறம்... போச்சு. இருபத்தஞ்சு போச்சுன்றான்."

அதே மாதத்தில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. 2024–25 நிதியாண்டில் ஆப்ஷன் உள்ளிட்ட பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 விழுக்காட்டினர் நட்டப்பட்டார்கள். அந்த ஒரு வருஷத்து மொத்த நட்டம் 1 லட்சத்து 5 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் 93 விழுக்காட்டினருக்கு நட்டம்தான். எளாவூர் இளைஞன் கம்பெனி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஆடும் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பது நொடிக்குள் ஆயிரம் ஆர்டர் போடும் கம்ப்யூட்டர்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனம். அந்த இளைஞன் முட்டாள் இல்லை. இரண்டு பேரும் ஒரே களத்தில் நிற்பதாக அவனிடம் சொன்னதுதான் பொய்.

மூவரில் சற்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தவன் வேறு ஒன்று கேட்டான். "எஸ்ஐபி போடலாமா? மாசம் ஐந்நூறு." கேட்டது நண்பர்களிடம்தான், ஆனாலும் கடை முழுக்கக் கேட்டது. எந்த ஃபண்டு, எத்தனை வருஷம், சந்தை விழுந்தால் என்ன ஆகும், இடையில் எடுக்க முடியுமா என்று அடுக்கிக்கொண்டே போனான். அத்தனையும் சரியான கேள்விகள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் கண்முன்னே இருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளி சரிந்து 26 ஆயிரத்துக்குக் கீழே போனது. அன்றைக்குப் பயந்து விற்றவருக்கு அது நட்டம். மாதாமாதம் போடுவதை நிறுத்தாதவருக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே 50 ஆயிரத்தைப் பார்க்கக் கிடைத்தது. எல்லா முறையும் இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த வருஷம் தங்கை கல்யாணத்துக்கு வேண்டிய பணம் பங்கில் இருக்கக்கூடாது. பத்துப் பதினைந்து வருஷம் தொடவேண்டாத பணத்துக்கு அங்கே இடமுண்டு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லித்தர இவர்களுக்கு ஆள் இல்லை. ஒரே நாளில் ஏழாயிரம் என்று சொல்லும் டெலிகிராம் குழுக்கள்தான் வரிசையில் நிற்கின்றன.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பங்குச் சந்தைக்குள் போகலாமா என்று கேட்டவன் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறான். வைப்புநிதி அமைப்பு 2015 ஆகஸ்டிலிருந்து, புதிதாக வரும் பணத்தில் ஒரு பங்கைக் குறியீட்டு இடிஎஃப்களில் போட்டுவருகிறது. 5 விழுக்காட்டில் தொடங்கியது பிறகு 15 விழுக்காடாக உயர்ந்தது. பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கடன் பத்திரங்களிலும், சிறு பகுதி நிஃப்டி, சென்செக்ஸ் கம்பெனிகளிலும். நிதானமான ஒரு குடும்பத்தலைவர் தன் பணத்தை எப்படிப் பிரித்து வைப்பாரோ ஏறக்குறைய அப்படி. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இந்தப் பிரிப்பு தானாகக் கிடைக்கிறது. கணக்கை மூடிவிட்டு அந்தப் பணத்தை ஆப்ஷனில் போடுபவர் எதை விட்டு எதற்குப் போகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்த வேட்டி கட்டியவர், மளிகைக் கடைக்காரர் என்று பேச்சில் தெரிந்தது, இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எல்ஐசி ஷேர் வாங்கினேன்பா. பதினஞ்சு ஷேர். பாலிசிதாரருக்குன்னு அறுபது ரூபா குறைச்சு 889க்குக் குடுத்தான். மூணு வருஷம் ஆச்சு. வித்துடலாமா?"

2022 மே மாதம் எல்ஐசி பங்கு வெளியீட்டின்போது, பாலிசிதாரர்களுக்கென ஒதுக்கீடு இருந்தது. அதற்காகவே முதல்முறை டிமேட் கணக்கு திறந்த குடும்பங்கள் ஊர்தோறும் உண்டு. வெளியீட்டு விலை 949. மே 17 அன்று பட்டியலானபோதே அதற்குக் கீழே போனது. மறுவருஷம் இன்னும் இறங்கியது. 2024இல் ஆயிரத்தைத் தாண்டியது. அப்போது விற்றிருக்கலாம் என்பது அவருடைய வருத்தம். அவருடைய கடையில் ஒரு மூட்டை அரிசி எதற்காக வாங்கியது, எப்போது விற்பது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். இந்தப் பதினைந்து பங்கை எதற்காக வாங்கினோம் என்று கேட்டால் 'எல்ஐசின்னா நம்பிக்கை' என்பதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை. வாங்கிய காரணம் தெரியாதபோது விற்க வேண்டிய நேரமும் தெரிவதில்லை. வித்துடலாமா என்று கேட்டவர்களைவிட ஏன் வாங்கினேன் என்று யோசித்தவர்களே சந்தையில் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள்.

மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு பெரியவர் உள்ளே வந்தார். செக்யூரிட்டி வேலையின் காக்கிச் சட்டை, அறுபதைத் தாண்டிய வயது. கையில் பாலித்தீன் கவர், அதற்குள் வங்கிப் புத்தகம், பென்ஷன் ஆணை, கண்ணாடி. வாழ்நாள் சான்றிதழ் புதுப்பிக்க வந்திருந்தார். முன்பு போல அலுவலகம் போய் நிற்க வேண்டியதில்லை. போனில் முகத்தைக் காட்டினால் ஜீவன் பிரமாண் என்கிற அந்தச் சான்றிதழ் பதிவாகிவிடும். பையன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ண சிமிட்டுங்க தாத்தா" என்றான். அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடித் திறந்தார். மூன்றாவது தடவையில் பதிவானது. இன்னும் ஒரு வருஷத்துக்கு அவர் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

ஸ்டீல் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். பென்ஷன் 2,300 ரூபாய். அதனால்தான் இந்த வயதிலும் ராத்திரி கேட்டில் நிற்கிறார். இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதற்குப் பின் பதினோரு வருஷம் அந்த எண் நகரவில்லை. அன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய மளிகையை இன்று அதே ஆயிரத்துக்கு வாங்க முடியாது. பென்ஷனர் சங்கங்கள் 7,500 ரூபாய் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகின்றன. அந்தக் கோரிக்கையின் நியாயத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பெரியவரின் காக்கிச் சட்டை ஒன்றே போதும்.

"தம்பி, பி.எஃப். பணம் ஆறு லட்சம் பேங்குல அப்படியே கீது. ஷேர்ல போட்டா மாசம் எவ்ளோ வரும்? பேங்குல ஒரு பாலிசி போடச் சொல்றாங்க, அஞ்சு வருஷம் கட்டணுமாம்."

அன்று கேட்ட கேள்விகளில் மிக அவசரமானது இதுதான். இளைஞனுக்குத் தவறினால் மறுபடி சம்பாதிக்க வயது இருக்கிறது. அவருக்கு அது இல்லை. பங்கு மாதாமாதம் இவ்வளவு என்று தராது. ஆறு லட்சத்தை முடக்கிவிட்டு மேலும் ஐந்து வருஷம் பணம் கட்டச் சொல்லும் பாலிசி ராத்திரிக் காவல் வேலை பார்க்கும் மனிதருக்கு ஆகாது. அவர் பணம் இருந்த சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு இரண்டரை விழுக்காடு, அதாவது 15,000 ரூபாய். தபால் நிலையத்தில் 60 வயது நிறைந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்போதைய வட்டி 8.2 விழுக்காடு. ஆறு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய், வருஷத்துக்கு 49,200. வித்தியாசம் 34,200 ரூபாய். 2,300 ரூபாய் பென்ஷனைப் பதினான்கு மாதத்துக்கும் மேல் வாங்கினால்தான் அந்தத் தொகை சேரும். பணம் கையில் வந்து இத்தனை நாளாகியும் அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாலிசியைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

பையன் தபால் நிலையத் திட்டத்தின் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். "திங்கக்கிழமை போஸ்டாபீஸ்ல இத காட்டுங்க தாத்தா. வேற எங்கயும் கையெழுத்து போடாதீங்க." பெரியவர் பேப்பரைக் கவருக்குள் வைத்தார். பிறகு ஒரு நூறு ரூபாயை நீட்டினார். பையன் இருபது ரூபாய் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தான்.

கண்ட இடத்தில் கையெழுத்துப் போடாதே என்பது, எளாவூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வெறும் அறிவுரை இல்லை. 2022இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் வெடித்தபோது, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டிருந்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொன்னது. போட்ட ஒரு லட்சத்துக்கு மாதம் முப்பதாயிரம் வரை என்று ஆசை காட்டப்பட்டது. வடதமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளின் பி.எஃப். பணம், ஓய்வுப் பணம், அடகு வைத்த நகைப் பணம் எல்லாம் அதில் போனது. எட்டேகால் விழுக்காட்டை அற்பமென்று நினைக்க வைத்ததுதான் அந்த மாதிரித் திட்டங்கள் செய்த முதல் கெடுதல். இப்போது அதே வேலையை வாட்ஸ்அப் டிரேடிங் குழுக்கள் செய்கின்றன. போலி ஆப்பில் லாபம் ஏறுவதாகக் காட்டும், எடுக்கப்போனால் வரி கட்டச் சொல்லும். ஏமாந்த அந்த மணிநேரத்திலேயே 1930க்குப் போன் செய்தால் பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒடிசாக்காரர் ஒருவர், கூட இரண்டு பேர். ஊருக்குத் திரும்புகிறார்கள். தமிழும் இந்தியும் கலந்து, இங்கே சேர்ந்த பி.எஃப். ஊருக்குப் போனால் செல்லுமா என்று கேட்டார். யுஏஎன் இந்தியா முழுக்க ஒன்றுதான், அங்கே வேலைக்குச் சேரும்போது இதே நம்பரைக் கொடுங்கள் என்று பையன் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னான். பிறகு நாமினி இடத்தைத் திறந்தான். காலி. அவர் வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் வைப்புநிதியோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரைக்கும் குடும்பத்துக்கு வரும், அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியாது. அவருடைய மனைவிக்கும் தெரியாது. பையன் மனைவியின் ஆதார் எண் கேட்டான். அவர் ஊருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஒடியாவில் எண்களைச் சொன்னது. மனைவி பெயர் ஏறியது. இதைக் கேட்ட இளைஞர்களில் ஒருவன், "என்னோடதுல அம்மா பேரு இருக்கு, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றான். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினி குடும்பம் வந்தபின் செல்லாது. மறுபடி போட்டாக வேண்டும். அவனும் அன்றைக்கே மாற்றிக்கொண்டான்.

அந்த ஆண்டு அக்டோபர் 13இல் வைப்புநிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, பணம் எடுக்கும் விதிகளை மாற்ற முடிவெடுத்தது. கால்பங்கு எப்போதும் கணக்கிலேயே இருக்க வேண்டும், வேலையிழந்தவர் கணக்கை முழுதாக முடிக்க இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம், பென்ஷன் பணத்துக்கு முப்பத்தாறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது முடிவு. சேமிப்பு கரையாமலிருக்க இது உதவும். ஆனால் கான்ட்ராக்ட் முடிந்து அடுப்பு எரிய வழியில்லாதவருக்குக் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். அன்றைக்கு அந்த மில் தொழிலாளி இரண்டு லட்சத்து இருபதாயிரத்தை விட்டுவைத்தது விதிக்குப் பயந்து இல்லை. ஒருவன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினான், அவ்வளவுதான்.

அந்தக் கடையில் கேட்ட கேள்விகள் எவையும் தவறானவை இல்லை. எடுக்கலாமா, எவ்வளவு வட்டி, கான்ட்ராக்டர் கட்டினானா, பங்கில் போடலாமா, எப்போது விற்பது, எனக்கப்புறம் யாருக்கு என்ற கேள்விகளைச் சம்பளத்தில் பிடித்தம் செய்பவர்களிடமும் பணத்தை வைத்திருப்பவர்களிடமும் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வாய் திறக்காததால் படிவம் நிரப்பும் ஒரு பையனிடம் வந்து சேர்கின்றன. பதில் சொல்லும் கடமை கம்பெனிகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் வங்கிகளுக்கும் வைப்புநிதி அலுவலகத்துக்கும் உண்டு. வேலைக்குச் சேரும் அன்றே பாஸ்புக் பார்க்கக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.

அதுவரை தொழிலாளி காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கில் பதிவான உங்கள் போனிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பு குறுஞ்செய்தியாக வரும். மாதம் ஒருமுறை அதைச் செய்யுங்கள். சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். கம்பெனி மாறினால் கணக்கை மூடாதீர்கள், சேருங்கள். மனைவி பெயரோ கணவர் பெயரோ நாமினியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் உழைப்பில் பிடித்த பணம் உங்களுடையது. அதைக் கேட்க நீங்கள் யாரிடமும் தயங்க வேண்டியதில்லை.